மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) ஓர் இந்திய மருத்துவர். இந்தியாவில் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். சாலை விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்று, 1966 ஆம் ஆண்டில் நோயாளிகள் உள்ளே தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமாக இருந்தார். இந்திய அரசு 1972 ஆம் ஆண்டில் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் கேரளத்தின் கொச்சிப் பகுதியில் உள்ள செராய் என்னும் ஊரில் வசதியான கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். செராய் அக்காலத்தில் கொச்சி மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. மருத்துவம் பயில விரும்பிய இவர் 1946 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வேலூருக்கு வந்து கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அமெரிக்க மருத்துவரான ஐடா இசுக்கடர் 1900 ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிறு மருத்துவமனையே இக்கல்லூரியின் தோற்றுவாய் ஆகும். 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், 1942 இல் பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் அது வளர்ந்தது. மேரி சேர்ந்த ஆண்டு வரை அங்கு பெண்கள் மட்டுமே மருத்துவம் பயின்றனர். அடுத்த ஆண்டில்தான் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். அதே 1946 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் பயின்ற எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டும் வேலூருக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் மேரியின் வாழ்க்கையைத் திசைதிருப்பியவர் இவரே.

பட்டம் பெற்ற பின்னர் மேரி மகப்பேறு, பெண்கள் நோய் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டு அத்துறையிலேயே பணியாற்றினார். மகப்பேற்று மருத்துவர் நின்றபடி உழைக்க வேண்டியவர். இரவில் அழைத்த நொடியில் ஓட வேண்டியவர். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இதை மனத்தில் கொள்ளல் வேண்டும். விபத்து இவரிடமிருந்து பறித்தது கால்களை மட்டுமன்று, தேர்ந்தெடுத்த தொழிலையும் ஆகும்.

விபத்து

1954 ஆம் ஆண்டில் மேரி தம்முடன் பணியாற்றிய இளம் மருத்துவர்கள் சிலருடன் வண்டியொன்றில் உலாச் சென்றார். வழியில் வண்டி கவிழ்ந்தது. உடன் சென்றவர்களுள் வேறு சிலரும் காயமுற்றனர். ஆனால் மேரிக்கு ஏற்பட்டதே மிகக் கடுமையான காயம். கன்னம் கிழிந்து முகத்தில் நிலையான தழும்பு ஏற்பட்டது. முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சிதைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றல்ல. முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகள் அடுக்கிய தூண். தண்டுவடம் என்பது அத்தூணின் நடுவிலுள்ள குழாய் வழியே மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை. முறிந்த எலும்பு சில மாதங்களில் ஒட்டிவிடும். சிதைந்த தண்டுவடம் அவ்வாறு ஒட்டுவதில்லை. காயமுற்ற இடத்துக்குக் கீழே உள்ள தசைகளுக்கு மூளையின் கட்டளை செல்வதில்லை. அப்பகுதிகளின் தொடுவுணர்வும் வலியும் மூளைக்கு வந்து சேர்வதில்லை. சிறுநீர்ப்பையும் குடலும் கட்டுப்பாட்டை இழக்கின்றன.

காயத்தைவிட, காயத்தைத் தொடர்ந்து வருவனவே இத்தகையோரைப் பெரிதும் கொன்றன. உணர்வற்ற உடல் ஒரே நிலையில் கிடந்தால், எலும்பு புடைத்த இடங்களில் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோலும் தசையும் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகிறது. சிறுநீர் தேங்கினால் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் கெடுகிறது. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களுள் பெரும்பாலோர் இவ்விரண்டினாலேயே மாண்டனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் செருமனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன். 1944 ஆம் ஆண்டில் இசுடோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற இவர், இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப் பாதையைத் தூய்மையாகக் காத்தல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவற்றைக் கண்டிப்பான ஒழுங்காக நடைமுறைப்படுத்தினார். 1948 இல் அங்கு சக்கர நாற்காலி வீரர்களுக்காக இவர் தொடங்கிய போட்டியே மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கின் முன்னோடி.

மேரியின் விபத்து நிகழ்ந்தபோது குட்மன் பணி தொடங்கிப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. ஒரு வகையில் மேரி நற்பேறு பெற்றவர் என்றே கூற வேண்டும். விபத்து ஒரு பெரிய மருத்துவமனையைச் சேர்ந்தவருக்கு நேர்ந்தது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை ஜேக்கப் சாண்டி 1949 ஆம் ஆண்டில் வேலூரிலேயே தொடங்கியிருந்தார். தென்னையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கோ கிணறு வெட்டும்போது மண் சரிந்து புதைந்தவருக்கோ அன்று இவற்றுள் எதுவும் எட்டும் தொலைவில் இருக்கவில்லை.

அமர்ந்தபடி அறுவை மருத்துவம்

பல மாதங்கள் படுக்கையில் கிடந்த மேரியிடம், மருத்துவப் பணியைத் தொடரலாம் என்று எடுத்துரைத்தவர் பால் பிராண்ட். அவர் காட்டிய வழி தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவம். இதைப் பரிவினால் சொன்ன ஆறுதலாகக் கருத இயலாது. அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. கை அறுவையை மருத்துவர் பொதுவாக அமர்ந்தே செய்வார். அதற்குத் தேவையானவை கண்ணும் விரலும் பொறுமையுமே, கால்கள் தேவையில்லை.

தொழுநோயில் முழங்கைக்கு அருகில் செல்லும் நரம்பு கெடுவதால் விரல்கள் நகம் போல் உள்நோக்கி மடங்கிவிடுகின்றன. பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் வளர்த்தெடுத்த முறையில், செயல்படும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களை இயக்கும்படி புதிய இடத்தில் இணைப்பர். பின்னர் பல வாரங்கள் பயிற்சி அளித்து, பழைய தசைக்குப் புதிய வேலையைப் பழக்குவர். தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுவதில்லை என்பதையும் பிராண்ட் எடுத்துக் காட்டினார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும், காயத்தின் மேல் தொடர்ந்து வேலை செய்வதுமே விரல்களை அழிக்கின்றன.

மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து இவ்வறுவையைக் கற்று, தொடர்ந்து செய்து வந்தார். உணர்விழந்த கைகளைச் சீராக்கிய இவருக்கே கால்களில் உணர்வு இல்லை. தொழுநோயாளி தன் விரல்களை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்துக் காயம் தேட வேண்டும். தண்டுவடக் காயம் பட்டவர் தம் பிட்டத்தையும் குதிகாலையும் அவ்வாறே தேட வேண்டும். நோய்கள் வேறானாலும், வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்ய வேண்டியிருப்பது இருவருக்கும் பொது. பிற்காலத்தில் மறுவாழ்வுத் துறைக்கு இவர் சென்றதற்கு, இவருடைய சொந்தக் காயத்துடன் இந்த அனுபவமும் அடித்தளமாக அமைந்தது எனலாம்.

வெளிநாட்டுப் பயிற்சி

அடுத்து மேரி ஆத்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கு ஜார்ஜ் பெட்புரூக் 1954 ஆம் ஆண்டில் தொடங்கிய தண்டுவடக் காயப் பிரிவு அந்நாட்டின் முன்னோடி நிலையமாக விளங்கியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வண்டிக்கும் தம் கைவலிமையாலேயே மாறுதல் போன்ற, பிறர் உதவியின்றி வாழ்வதற்கான திறன்களை இத்தகைய நிலையங்கள் கற்பித்தன. பெர்த்துக்கு மேரி பயிற்சி பெறும் நோயாளியாகவே சென்றார்.

பின்னர் நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் தலைமையில் இயங்கிய உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வு நிலையத்தில் பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. ரஸ்க் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்படை மருத்துவராக இருந்தவர். காயம் ஆறிய வீரர்கள் படுக்கையில் வெறுமனே கிடந்து சோர்வதைக் கண்டு, காயம் ஆறுவதுடன் மருத்துவம் முடிவதில்லை என்னும் கொள்கையை அவர் வலியுறுத்தினார். நோய் வராமல் தடுப்பதும் நோயைக் குணமாக்குவதும் மருத்துவத்தின் இரு கட்டங்கள் என்றால், எஞ்சிய திறனைக் கொண்டு வாழக் கற்பிப்பது மூன்றாம் கட்டம் என்பது அவர் கருத்து. மேரி அங்கு உரிய பயிற்சியை நிறைவு செய்து தாயகம் திரும்பினார்.

வேலூர் மறுவாழ்வு நிலையம்

1963 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு மேரி பொறுப்பேற்றார். 1966 இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் நிலையம் திறக்கப்பட்டது. வேலூர் நகருக்கு வெளியே, கல்லூரி வளாகம் உள்ள பாகாயத்தில் இந்நிலையம் அமைந்துள்ளது. மும்பையில் நடுவண் அரசின் உடலியக்க மருத்துவ நிலையம் 1955 ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தபோதும், ஒரு மருத்துவக் கல்லூரித் துறையுடன் இணைந்து உள்நோயாளிகளுக்கென அமைந்த முதல் மறுவாழ்வு நிலையம் என வேலூர் நிலையம் குறிப்பிடப்படுகிறது.

தனி நிலையம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பொது மருத்துவமனையில் கட்டில்கள் காய்ச்சலுக்கும் அறுவைக்கும் உரியவை. சில வாரங்களில் நோயாளி வெளியேற வேண்டும். தண்டுவடக் காயம் பட்டவருக்கோ மாதக்கணக்கில் பயிற்சி தேவை. முதலில் உட்காரப் பழக வேண்டும். பல வாரங்கள் படுத்தே கிடந்தவருக்கு உட்கார்ந்ததும் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். பிறகு தோள், புயத் தசைகளை வலுப்படுத்த வேண்டும். இனி உடலைச் சுமப்பவை அவையே. சிறுநீரை வெளியேற்றும் முறையைத் தாமே செய்யக் கற்க வேண்டும். தோலைப் பார்வையிடும் பழக்கம் வர வேண்டும். இயன்றவர்களுக்குக் காலிப்பர் அணிந்து நிற்கவும் ஊன்றுகோல்களுடன் நகரவும் பயிற்சி தரப்படும். இவற்றுக்கு மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயல்முறை மருத்துவர், செவிலியர், செயற்கை உறுப்புக் கலைஞர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக இயங்க வேண்டும்.

நியூயார்க்கின் முறைகளை வேலூரில் அப்படியே பின்பற்றவும் இயலாது. இங்கு நோயாளி திரும்பிச் செல்லும் வீட்டின் வாசலில் படி இருக்கும். கழிப்பிடம் தொலைவில் இருக்கும், அதுவும் குந்தி அமரும் வகையாக இருக்கும். சமையலும் உணவும் தரையில் நடைபெறும். சக்கர நாற்காலியின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய். தரையில் நகர்வதும் தரையிலிருந்து எழுவதும் இங்கு இன்றியமையாத பயிற்சிகள். பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் பயிற்சி வேண்டும், ஏனெனில் ஊரில் செவிலியர் கிடையாது.

மேரியின் பங்களிப்பில் ஒரு கூறு ஏட்டில் பதிவாகாதது. விபத்துக்குப் பின் தன் வாழ்வு முடிந்தது என்று கருதி வரும் ஒருவரின் கட்டிலருகே, அதே காயம் பட்ட மருத்துவர் சக்கர நாற்காலியில் வந்து நின்றார். பிற மருத்துவர்கள் எவ்வளவு விளக்கிக் கூறினாலும் அதற்கு ஈடாகாது. எனினும் இவரை மன உறுதியின் சின்னமாக மட்டும் காட்டுவது முழு உண்மையாகாது. நிலையம், பயிற்சி பெற்ற பணியாளர், தொடர் கண்காணிப்பு ஆகியவை இல்லாமல் மன உறுதி மட்டும் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. மேரி நிறுவப் பாடுபட்டது இந்த ஏற்பாட்டையே.

தண்டுவடக் காயமும் இடுப்பு நரம்பு வலியும்

உடலியக்க மருத்துவத் துறைக்கு வருவோர் அனைவரும் மேரியைப் போன்று கடுங்காயம் பட்டவர்கள் அல்லர். முதுகு வலியுடனும், இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் பாய்வது போன்று இறங்கும் வலியுடனும் வருவோர் ஏராளம். இவ்விரண்டாம் வகை வலியே இடுப்பு நரம்பு வலி அல்லது சியாட்டிகா எனப்படுகிறது. இதைத் தண்டுவடக் காயத்துடன் குழப்பிக்கொள்வோர் பலர். முதுகில் அடிபட்டவருக்குக் காலில் வலி வந்தால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சுவதும், மாறாக உண்மையான ஆபத்தை வெறும் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடுவதும் வழக்கமாக உள்ளன.

வயது வந்தோரில் தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் போன்று தனித்தனி நரம்பு வேர்கள் மட்டுமே இறங்குகின்றன. இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும் திரிக எலும்பிலிருந்தும் வெளிவரும் ஐந்து வேர்கள் சேர்ந்து இடுப்பு நரம்பாகின்றன. உடலிலேயே மிகத் தடித்த நரம்பு இதுவே. பிட்டத்தின் வழியே தொடையின் பின்புறம் இறங்கிப் பாதம் வரை கிளைகளை அனுப்புகிறது. ஆகவே அடிபட்ட இடம் மேலே இருந்தால் தண்டுவடம் கெட்டுக் கால்கள் செயலிழக்கக்கூடும். கீழே இருந்தால் நரம்பு வேர் நசுங்கி வலி, மரமரப்பு, தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றும். நரம்பு வேர்கள் தண்டுவடத்தைவிட ஓரளவு மீளும் தன்மை கொண்டவை.

இவ்வலி நரம்பைச் சார்ந்தது என்பதை இத்தாலியின் நேப்பிள்சு நகர மருத்துவர் தொமேனிகோ கொத்துஞ்ஞோ 1764 ஆம் ஆண்டில் தனி நூலாக எழுதினார். அதற்கு முன் இது பொதுவாக இடுப்பு மூட்டு வாதமாகவே கருதப்பட்டது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலான நோயாளிகளில் காரணம் என்பது 1934 இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் மிக்சுடர், பார் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது. மக்கள் வழக்கில் இது ஜவ்வு விலகல் அல்லது டிஸ்க் விலகல் எனப்படுகிறது. உண்மையில் வட்டு இடம் மாறுவதில்லை. அதன் உறை கிழிந்து உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்குகிறது.

விபத்தில் இடுப்பு நரம்பு நேரடியாகவும் காயமுறலாம். வண்டி மோதும்போது முழங்கால் முன்பலகையில் இடித்து, இடுப்பு மூட்டு பின்னோக்கி நழுவினால், அதன் பின்னால் செல்லும் இந்நரம்பு நசுங்கும். பிட்டத்தில் தவறான இடத்தில் போடப்படும் ஊசியும் இதைக் கெடுத்துவிடும். பிட்டத்தின் மேற்புற வெளிப்பகுதியில் மட்டுமே ஊசி போட வேண்டும் என்று செவிலியருக்குக் கற்பிப்பது இதனால்தான்.

தொழிலிடங்களில் ஏற்படும் முதுகுக் காயங்கள்

வேலூர் நிலையம் தொடங்கிய அதே பத்தாண்டில் சென்னையின் மேற்குப் புறநகரில் தொழிற்சாலைகள் பெருகின. 1961 ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. திருநின்றவூர், பட்டாபிராம் போன்ற ஊர்களிலிருந்து தொழிலாளர் புறநகர்த் தொடர்வண்டியில் இவ்விடங்களுக்கு வேலைக்குச் செல்லலாயினர். அதே இருப்புப்பாதை அரக்கோணம் வழியாக வேலூருக்கு அருகிலுள்ள காட்பாடிக்கும் செல்கிறது.

இத்தகைய தொழிற்பகுதிகளில் முதுகுக் காயம் இரு விதமாக நேர்கிறது. முதலாவது, சாரத்திலிருந்து விழுதல், மேலிருந்து சுமை சரிதல் போன்ற திடீர் விபத்து. இதை எவரும் விபத்து என்று ஏற்பர். இரண்டாவது மெதுவாக வருவது. குனிந்து, உடலைத் திருப்பியபடியே சுமை தூக்குதல், நாள் முழுதும் அதிரும் வண்டியில் அமர்ந்து ஓட்டுதல், ஒரே வளைந்த நிலையில் எந்திரத்தின் முன் நிற்றல் ஆகியவை கீழ்முதுகின் வட்டுகளில் சுமையை ஏற்றுகின்றன. ஒரு நாள் சிறிய பொருளொன்றை எடுக்கும்போது வட்டு பிதுங்குகிறது. தொழிலாளி அந்த நாளைச் சுட்டுகிறார். முதலாளி அந்தச் சிறிய பொருளைச் சுட்டுகிறார். வயதினாலும் வட்டு தேய்வதால் தொழிலின் பங்கைப் பிரித்துக் காட்டுவது எளிதன்று. வேலை செய்யும் இடத்தில் வலி தொடங்கிய நாளும் நேரமும் அன்றே பதிவு செய்யப்படாவிட்டால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே தளர்ந்துவிடும்.

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 ஆம் ஆண்டிலும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. இச்சட்டங்கள் உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை விழுக்காட்டில் அளந்து பணம் அளிக்க வழிசெய்தன. துண்டான விரலுக்கு அட்டவணையில் இடம் உண்டு. வெளியே தெரியாத நரம்பு வலிக்கு மருத்துவரின் சான்றே அடிப்படை. எஞ்சிய திறனைக் கொண்டு ஒருவர் எந்த வேலையைச் செய்யலாம் என்னும் கேள்விக்கு அட்டவணையில் விடை இல்லை. மேரி வர்கீசின் துறை எடுத்துக்கொண்ட கேள்வி அதுவே.

சியாட்டிகா நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில், அறுவையின்றியே வலி தணிந்துவிடுகிறது. வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது நன்மை தரும் என்று முன்பு கருதப்பட்டது. இப்பொழுது இயன்ற அளவு நடமாடுவதே பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் சில அறிகுறிகள் தோன்றினால் சிறிதும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது தானே கசிதல், மலம் கட்டுப்படாமை, சேணத்தில் அமரும்போது படும் பகுதிகளாகிய தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரமரப்பு, இரு கால்களும் தளர்தல் ஆகியவை குதிரை வால் நரம்புகள் நசுங்குவதைக் காட்டுகின்றன. விரைவில் அறுவை செய்யாவிடில் சிறுநீர்க் கட்டுப்பாடு நிலையாக இழக்கப்படலாம். கடும் வலி திடீரென நின்று அவ்விடம் மரத்துப்போவதைக் குணமாகிவிட்டதாக எண்ணி வீட்டில் இருந்துவிடுவோர் உண்டு. வலியைவிட மரமரப்பே இங்கு அஞ்சத்தக்கது.

விபத்து நடந்த இடத்தில் செய்யத்தகாதது ஒன்றும் உண்டு. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி, மடக்கி, தானியின் இருக்கையில் திணித்துக் கொண்டுசெல்வது நம் சாலைகளில் காணும் காட்சி. முறிந்த முள்ளெலும்பு நகர்ந்து, அதுவரை தப்பியிருந்த தண்டுவடத்தை இது சிதைத்துவிடக்கூடும். தீ, போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் அவரை அசைக்காமல் வைத்து ஊர்தியை அழைக்க வேண்டும். நகர்த்தியே ஆகவேண்டுமெனில், தலை, தோள், இடுப்பு ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுவது போல் புரட்டி, தட்டையான பலகையில் கிடத்த வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

வாழ்க்கை வரலாற்று நூல்

அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் மேரியின் வாழ்க்கையை நூலாக எழுதி 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வேலூர் நிலையம் திறக்கப்படுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே இது வெளிவந்துவிட்டது. ஆகவே வெளிநாடுகளில் பலர் அறிந்த மேரி, விபத்தை வென்ற இளம் மருத்துவரே. அதற்குப் பிந்தைய நிர்வாகப் பணியும் மாணவர்களைப் பயிற்றுவித்த ஆண்டுகளும் அந்நூலுக்கு வெளியே நின்றுவிட்டன. இதே ஆசிரியர் ஐடா இசுக்கடர், பால் பிராண்ட் ஆகியோரின் வாழ்க்கையையும் நூல்களாக எழுதியுள்ளார்.

விருதும் மறைவும்

மருத்துவப் பணிக்காக 1972 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மசிறீ விருது மேரி வர்கீசுக்கு வழங்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டில் இவர் காலமானார். விபத்துக்குப் பின் முப்பதாண்டுகளுக்கு மேல் இவர் வாழ்ந்தார்.

இவர் மறைவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1981 இல், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்த 1975 ஆம் ஆண்டில் கடற்படை அலுவலர் தேர்வின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் காயமுற்றவர். வேலூரில் இன்றும் பாகாயம் நிலையம் இயங்கி வருகிறது. சாலையிலும் தொழிலிடத்திலும் தண்டுவடக் காயம் பட்டவர்கள் குடும்பத்தினருடன் அங்கு வந்து பயிற்சி பெறுகின்றனர்.